நாய் நின்றால் நீங்களும் நில்லுங்கள்

கேள்வி இதுதான். ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிக்கு வேலை மாற்றலாகி வந்த ஒரு தம்பி, ஒன்றரை வயதுச் சிப்பிப்பாறைக் கலப்பு நாயை அழைத்துக்கொண்டு தினமும் காலையில் கடற்கரைக்குப் போகிறார். நாய் சேர்ந்தாற்போல் நூறடி நடப்பதில்லை. முகர்ந்து நிற்கிறது, நண்டு வளையைத் தோண்டுகிறது, கழற்றிப் போட்ட செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. "நடைப்பயிற்சிக்கென்று போய் எரிச்சலோடு திரும்புகிறேன். இதில் எல்லோரும் சொல்லும் சந்தோஷம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார்.

அந்த நிற்பதிலும் தோண்டுவதிலும்தான் இருக்கிறது, தம்பி.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மாவட்டத்தில் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்துவிட்டு, இப்போது உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ஒரு பனங்காட்டு ஓரத்தில் இருக்கிறேன். வீட்டில் செவலை என்றொரு பெட்டை நாய். இரண்டு வயது முடியப்போகிறது. நாட்டு நாய்தான். ஓட ஆரம்பித்தால் காதுகள் பின்னால் மடிந்து, உடம்பே ஒரு கோடாகிவிடும். ஓய்வு பெற்ற முதல் சில மாதங்கள் நானும் உங்களைப் போலத்தான் நடந்தேன். கையில் கடிகாரம், மனத்தில் நாலு கிலோமீட்டர் கணக்கு. அவள் நின்றால் கயிற்றைச் சுண்டி இழுப்பேன். ஒரு நாள் கயிறு அறுந்தது. அவள் ஓடவில்லை. முகர்ந்துகொண்டிருந்த அதே இடத்தில் நின்று முழுதாக முகர்ந்து முடித்துவிட்டு, தானாக வந்து என் முழங்காலில் மூக்கை வைத்தாள். அன்றிலிருந்து காலை நடையை அவளிடம் விட்டுவிட்டேன். என் உடம்புக்கான நடையைச் சாயங்காலம் தனியாகப் போய்க்கொள்கிறேன்.

அந்த முகர்தல் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் எரிச்சலில் பாதி போய்விடும். நம் மூக்கில் மணத்தை உணரும் செல்கள் 50, 60 லட்சம். நாயின் மூக்கில் 20 கோடிக்கும் மேல். காற்றை நேரே முன் துளைகளால் இழுத்து, வெளிவிடும்போது மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாக விடுகிறது. அதனால் தரையில் படிந்திருக்கும் மணம் அதன் மூச்சாலேயே கலைந்துபோவதில்லை. நாளைக் காலையில் பக்கத்தில் குத்தவைத்துக் காது கொடுத்துக் கேளுங்கள். நொடிக்கு ஐந்து முறை போலச் சின்னச் சின்ன இழுப்பாக ஒரு சத்தம் வரும். இரவில் அந்த வழியே போன நாய் ஆணா பெண்ணா, எந்தத் திசையில் போனது என்பதெல்லாம் அதற்கு அந்த ஒரு கல்லில் கிடைக்கிறது. நாம் செய்தித்தாள் விரித்திருக்கும்போது யாராவது நடுவில் பிடுங்கினால் எப்படி இருக்கும்?

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். 2019-இல் ஷார்லட் டுராண்டன், அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், சில வளர்ப்பு நாய்களுக்கு இரண்டு வாரம் முகர்ந்து தேடும் விளையாட்டையும், வேறு சில நாய்களுக்கு எஜமானரின் காலை ஒட்டி நடக்கும் பயிற்சியையும் கொடுத்தார்கள். பிறகு உணவு இருக்குமா இருக்காதா என்று நாய்க்குத் தெரியாதபடி ஒரு கிண்ணத்தை வைத்தார்கள். முகர்ந்து பழகிய நாய்கள் முன்பைவிட விரைவாக அதை நோக்கிப் போயின. காலை ஒட்டி நடந்த நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. முகர விட்ட நாய்க்கு அடுத்து வருவது நல்லதாக இருக்கும் என்ற நம்பிக்கை கூடுகிறது என்று அவர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். செவலையிடம் நான் கண்டதும் அதுதான். முகர்ந்து திருப்தியான நாளில் வீட்டில் அவள் எதையும் கடித்துக் குதறுவதில்லை. திண்ணையில் கால் நீட்டித் தூங்குகிறாள்.

விடிகாலை ஏன் என்றால், இரவுக் குளிர்ச்சியிலும் பனி ஈரத்திலும் மணம் தரையோடு ஒட்டிக் கிடக்கும். வெயில் ஏறி மணல் சூடானதும் காற்று மேலெழுந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். நாய்க்கு எட்டு மணிக் கடற்கரை என்பது பாதி அழிந்த எழுத்து.

நம் ஊருக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. உச்சிப்புளியில் நின்றால் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மொபெட்டில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் எந்தக் கடலுக்கும் போய்விடலாம். தனுஷ்கோடிப் பக்கம் தெற்கை ஆண்கடல் என்றும் வடக்கைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். வைகாசிக்குப் பிறகு கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்குக் கடல் சீறும், மணல் முகத்தில் அறையும். அப்போது வடகடலில் அலையே இருக்காது. ஐப்பசிக்கு மேல் வாடை பிடித்தால் வடகடல் கலங்கும், தெற்கு அடங்கிக் கிடக்கும். ஆகவே கச்சானுக்கு வடகரையில் அரியமான், வாடைக்குத் தென்கரையில் புதுமடம் என்று வைத்திருக்கிறேன். மொபெட் சத்தம் கேட்டதும் செவலை முன்பக்கத்தில் ஏறி நின்றுகொள்வாள். எந்தக் கடலுக்குப் போகிறோம் என்பது அவளுக்கு ரயில்வே கேட் தாண்டுகிறோமா இல்லையா என்பதிலேயே தெரிந்துவிடும்.

ஒன்றைக் கவனித்தேன், அது எனக்கு வெகு நாள் புதிராக இருந்தது. கடற்கரைக்குப் போனதும் நான் கடலைப் பார்த்து நிற்பேன். அவள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஊரைப் பார்த்து மூக்கை உயர்த்தி நிற்பாள். பிறகுதான் உறைத்தது. இரவில் கடலைவிடத் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால், விடியும்வரை காற்று தரையிலிருந்து கடலை நோக்கிப் போகிறது. நாங்கள் தேர்ந்துகொள்ளும் அடங்கிய கடலில் பருவக் காற்றும் பெரும்பாலும் நிலத்தின் பக்கமிருந்துதான் வரும். ஊரில் எந்த வீட்டில் அடுப்புப் பற்றவைத்தார்கள், எங்கே ஆடு குட்டி போட்டது, எந்தச் சவுக்குத் தோப்பில் கீரி புகுந்தது என்பதெல்லாம் அந்தக் காற்றில் அவளைத் தேடி வருகிறது. நான் பார்க்கும் சூரிய உதயத்துக்கு ஈடாக அவளுக்கும் ஒன்று இருக்கிறது. இருவரும் முதுகோடு முதுகாகச் சிறிது நேரம் நிற்போம். எனக்கு அந்த நாளின் மிக நல்ல நேரம் அது.

இனி விளையாட்டு. முன்னங்கால்களை மணலில் பரப்பி, மார்பைத் தாழ்த்தி, பின்பக்கத்தை மட்டும் உயர்த்தி நிற்குமே, அது விளையாட்டுக்கான அழைப்பு. "இனி நான் கடித்தாலும் துரத்தினாலும் சண்டை இல்லை" என்று சொல்லிவிட்டுத் தொடங்குவது போல. நாய்களின் விளையாட்டை நெடுங்காலம் ஆராய்ந்த மார்க் பெகாஃப், கடி கொஞ்சம் அழுத்தமாகிவிடக்கூடிய கட்டத்துக்கு முன்னும் பின்னும் நாய்கள் இந்த வணக்கத்தைப் போடுவதை 1995-இல் எடுத்துக்காட்டினார். செவலை அரியமானில் அலைக்கும் இந்த வணக்கத்தைப் போடுவாள். முழங்கால் உயரம்கூட இல்லாத அலை பின்வாங்கும்போது துரத்துவாள், திரும்பி வரும்போது நாலு காலும் தரையில் படாமல் துள்ளிப் பின்னால் விழுவாள். ஒவ்வொரு அலையும் அவளுக்குப் புதிதாக வந்த தோழி. நூறு முறை பார்த்திருப்பேன். நூற்றோராவது முறையும் சிரிப்பு வருகிறது.

நண்டு வளை தோண்டும்போது தடுக்காதீர்கள். முகம் முழுக்க மணலோடு நிமிர்ந்து ஒரு தும்மல் போடும் பாருங்கள், அதற்காகவே காத்திருக்கலாம். நண்டு பெரும்பாலும் தப்பித்துவிடும். தோண்டிய குழியை மட்டும் காலால் மூடிவிடுங்கள். இருட்டில் வலை சுமந்து வருகிறவர் கால் மடங்கிவிடக் கூடாது.

செருப்பு விஷயத்துக்கு வருகிறேன். நாய் செருப்போடு ஓடினால் துரத்தாதீர்கள். துரத்துவதுதான் அது கேட்கும் பரிசு. எதிர்த்திசையில் நீங்கள் ஓடுங்கள், பின்னாலேயே வரும். வந்ததும் செருப்புக்குப் பதிலாக வேறொன்றைக் கொடுங்கள். பழைய பருத்திக் கயிற்றில் இரண்டு பெரிய முடிச்சுப் போட்டால் போதும், கடைப் பொம்மை தேவையில்லை. வழியில் கிடக்கிறதே என்று பனைமட்டையை வீசிவிடாதீர்கள். அதன் ஓரத்துக் கருக்கு வாயைக் கிழித்துவிடும். நான் தையல் போட உதவிய நாய்களில் இரண்டு மட்டையால் வந்தவை.

கரைவலை இழுக்கும் நாளில் போய்ப் பாருங்கள். வத்தை என்ற படகில் போய் வளைத்து விட்ட வலையின் இரு முனைக் கயிறுகளையும் இரண்டு வரிசையாக நின்று இழுப்பார்கள். கடைசியில் இருப்பவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே வருவார். அந்தக் கயிற்றின் நுனியைச் செவலை ஒரு நாள் கவ்வி, பின்னங்கால் மணலில் புதைய அவர்களோடு சேர்ந்து இழுத்தாள். அத்தனை பேரும் பாட்டை நிறுத்திச் சிரித்தார்கள். அவளுக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொல்லி, அவர்களின் தலைவரான மண்டாடி காரல் மீனில் ஒரு கைப்பிடி எடுத்து வைத்தார். அதை வீட்டில் அவித்து, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து கொடுத்தேன். பச்சை மீனை வழக்கமாக்க வேண்டாம். சில மீன்களைப் பச்சையாகத் தினமும் தின்றால் நாயின் உடம்பில் தயமின் என்ற உயிர்ச்சத்து குறைந்துபோகும்.

பாசி எடுக்கும் பெண்களையும் பார்ப்பீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்வற்றுக்குத் தக்கபடி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளை எடுக்கக் கடலுக்குள் போகிறவர்கள். விடியலில் கரையில் உட்கார்ந்து விரலில் துணி சுற்றிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒரு அக்கா எந்த நாளும் செவலைக்கு என்று ஒரு பன் துண்டு எடுத்து வைத்திருப்பார். இவள் அதை வாங்கியவுடன் தின்னமாட்டாள். வாயில் வைத்துக்கொண்டே, அந்த அக்கா நீரில் இறங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது.

மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது இரண்டு காரியங்கள். நம் கரையோர ஊர்களில் விடியற்காலைத் தொழுகைக்குச் சுத்தமாகக் குளித்து வெள்ளை உடுத்திப் போகிறவர்களைப் பார்ப்பீர்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் மறுபடியும் கழுவ வேண்டியிருக்கும். கயிற்றைக் குறுக்கிப் பிடித்து, பாதையின் மறுபக்கம் நின்று வழிவிடுங்கள். ஒரு வாரம் அப்படிச் செய்தேன். எட்டாம் நாளிலிருந்து பெரியவர்களே தூரத்திலிருந்து செவலையைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அதேபோல அமாவாசை அன்று சேதுக்கரை, தேவிபட்டினம் பக்கம் நாயைக் கொண்டுபோகாதீர்கள். மறைந்தவர்களுக்காகக் கரையில் வைக்கும் பிண்டத்தில் நாய் வாய் வைத்தால், அந்தக் குடும்பத்தின் மனம் நொந்துபோகும்.

கயிறு எப்போது கட்டாயம் என்று கேட்டால், உங்கள் நாய்க்கு ஏறக்குறைய எப்போதும். சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடும் வம்சம். முயல் விரட்டப் பிறந்த கால்கள் அவை. தூரத்தில் ஏதாவது அசைந்தால் உங்கள் குரல் அதன் காதில் விழாது. ஐந்து மீட்டர் நீளக் கயிறு வாங்குங்கள். கழுத்துப் பட்டையைவிட மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டை நல்லது, இழுத்தால் தொண்டை நெரியாது.

மார்கழி, தை தொடங்கிக் கோடை வரும்வரை இந்தக் கரையில் இன்னும் கவனம் வேண்டும். பங்குனி ஆமை முட்டையிட ஏறும் காலம் அது. ஒரு குழியில் நூறு முட்டைகள் போல இட்டு, மணலை மூடிவிட்டுப் போய்விடும். 45 நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் குஞ்சு வரும். நாய்க்கு அந்தக் குழி வாசனை எளிதில் பிடிபடும். ஒரே காலையில் அத்தனையையும் தோண்டிவிடும். சென்ற ஆண்டு தெற்குக் கரையில் டிராக்டர் ஏறி இறங்கியது போன்ற ஒரு தடத்தைக் கண்டேன். செவலை அப்போது குட்டி. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மேட்டுப் பக்கம் விடாமல், தடம் கடலில் இறங்கிய பக்கமாக மட்டும் முகர விட்டேன். ஈரமணல்வரை முகர்ந்துகொண்டே போய், தண்ணீரில் தடம் முடிந்த இடத்தில் நின்று தலையைச் சாய்த்துக் கடலையே பார்த்தாள். அன்றுதான் முதல்முறையாக ஊருக்கு முதுகைக் காட்டி நின்றாள். குழி இருந்த இடத்தை வனத்துறைக்குச் சொல்லிவிட்டு வந்தோம்.

பறவைகளும் அப்படித்தான். வாடைக் காலத்தில் உப்புக்கொத்தியும் உள்ளானும் கூட்டமாக இறங்கும். தனுஷ்கோடி நீர்ப்பரப்பில் பூநாரைகள் நிற்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பிப் போவதற்கு உடம்பில் கொழுப்புச் சேர்க்கும் உயிர்கள். நாய் ஒருமுறை விரட்டினால் பறந்து மறுபடி இறங்கும், நமக்கு அழகான காட்சி. அதற்கு அன்றைய தீனியில் ஒரு பங்கு போய்விடும். அந்த நாட்களில் கூட்டத்தைக் கண்டால் நான் திரும்பி வேறு பக்கம் நடக்கிறேன்.

ஒரு துயரமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது தெரியாமல் நாயைக் கரையில் அவிழ்த்துவிடுகிறார்கள். வலையிலிருந்து கழித்துப் போடும் மீன்களில் பேத்தை கிடக்கும். தொட்டால் பந்து போல ஊதிக்கொள்ளும் மீன். அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் உள்ள நஞ்சு, நரம்புகளை மரத்துப்போகச் செய்து மூச்சை நிறுத்திவிடும். காய்ந்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மாற்று மருந்தும் கிடையாது. வேலையில் இருந்தபோது மண்டபம் பக்கமிருந்து ஒரு குடும்பம் தங்கள் நாயை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தது. கடற்கரையில் எதையோ தின்றது என்றார்கள். வாலை மட்டும் அசைக்க முயன்றது, முடியவில்லை. எங்களால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வீட்டுப் பையன் அழுத சத்தம் இன்னும் எனக்குள் இருக்கிறது. ஆகவே "விடு" என்ற ஒரு சொல்லை, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டிலேயே பழக்குங்கள். வாயில் இருப்பதை அது கீழே போட்டதும், அதைவிட ருசியான ஒன்றைக் கையிலிருந்து கொடுங்கள். ஒரு மாதத்தில் படிந்துவிடும்.

கடல்நீரைக் குடிக்க விடாதீர்கள். ஒரு லிட்டரில் 35 கிராம் அளவுக்கு உப்பு. கொஞ்சம் குடித்தாலே வாந்தி, பேதி. அதிகமானால் உயிருக்கே ஆபத்து. நான் ஒரு பாட்டில் நல்ல தண்ணீரும் ஒரு சிரட்டையும் எடுத்துப் போகிறேன். சிரட்டையைப் பையிலிருந்து எடுக்கும் சத்தம் கேட்டால் அவள் எந்த அலையையும் விட்டுவிட்டு வருவாள். நீரில் விளையாடிவிட்டு வந்ததும் நல்ல தண்ணீரால் கால்களையும் வயிற்றையும் அலசுங்கள். வெயில் ஏறிவிட்டதா என்று தெரிய, புறங்கையை மணலில் ஏழு எண்ணும்வரை வையுங்கள். வைக்க முடியாவிட்டால் நாயும் அதில் நடக்கக் கூடாது.

வழியில் மீனவர் குடியிருப்பு நாய்கள் வரும். கயிற்றை இறுக்காதீர்கள். இறுக்கினால் உங்கள் பயம் கயிறு வழியாக அதற்குப் போய்விடும். நேருக்கு நேர் நடக்காமல் கொஞ்சம் வளைந்து போங்கள், நாய்கள் மரியாதையாகச் சந்திப்பது அப்படித்தான். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்று மாதத்தில் போட்டு, ஆண்டுதோறும் தொடருங்கள். எந்த நாயாவது உங்களைக் கீறினாலும் கடித்தாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

வீடு திரும்பியதும் நடை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. கரைக்குப் போகும் பாதையெல்லாம் சீமைக்கருவேலமும் உடைமரமும். எவ்வளவு பார்த்து நடந்தாலும் ஒரு முள்ளாவது ஏறியிருக்கும். வேப்ப மர நிழலில் உட்கார்ந்து நான் கண்ணாடியைப் போட்டதும், செவலை மல்லாந்து படுத்து எந்தக் காலில் முள் இருக்கிறதோ அதை முதலில் நீட்டுவாள். விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பேன். பிறகு காது மடல், கழுத்தடி, வால் அடி என்று உண்ணி பார்ப்பேன். அந்தக் கால் மணி நேரம் முழுவதும் அவள் கண்கள் என் முகத்தைவிட்டு நகராது. நாயும் அதை வளர்ப்பவரும் இப்படி ஒருவரையொருவர் பார்க்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் என்ற இயக்குநீர் கூடுவதாக 2015-இல் ஜப்பானில் கண்டறிந்தார்கள். தாயும் குழந்தையும் பார்த்துக்கொள்ளும்போது சுரப்பதும் அதுதான். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஆச்சரியமாக இல்லை. வேப்ப மரத்தடியில் எங்களுக்கு அது முன்பே தெரியும்.

உங்கள் நாய்க்கு ஒன்றரை வயதுதான் ஆகிறது. நாளைக் காலையில் கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். கச்சான் இன்னும் ஓயவில்லை, அதனால் அரியமான். கிழக்கு வெளுக்கும்போது சவுக்குத் தோப்பின் மேற்கு ஓரத்தில் நிற்போம். நீளக் கயிறு ஒன்று என்னிடம் கூடுதலாக இருக்கிறது. தண்ணீர் மட்டும் கொண்டுவாருங்கள். சிரட்டை இரண்டு எடுத்து வைத்துவிட்டேன்.